கணக்கியலா, நிதித்துறையா, ஏ.சி.சி.ஏ. தேர்வா?

சுங்கை சிப்புட் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். பொருளியல், வணிகவியல், கணக்கியல் ஆகிய பாடங்களுடன் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்திருக்கிறேன். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். எனக்குப் பின் இரண்டு தம்பிகள் படிக்கிறார்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பட்டமா, நிதித்துறைப் பட்டமா, அல்லது ஈப்போவில் தங்கி, கணக்காளருக்கான பிரிட்டிஷ் தொழில்முறைத் தேர்வான ஏ.சி.சி.ஏ.வை நேரே எழுதுவதா என்று தெளிய முடியவில்லை. முதலீடு பற்றிப் படிப்பதில் எனக்கு உண்மையான ஆர்வம் உண்டு. அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. விண்ணப்பத்தில் எதை முதலில் வைக்கலாம்?

ஈப்போ தணிக்கையாளர்:
தங்கைக்கு வணக்கம். கணக்கியலையே முதலில் வையுங்கள். 1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டப்படி, மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிவு பெற்றவர்தான் இந்நாட்டில் தம்மைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ளலாம். அச்சட்டம் ஏற்றுக்கொண்ட கணக்கியல் பட்டமும் மூன்றாண்டுப் பணி அனுபவமும் உள்ளவர் அப்பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். நிதித்துறைப் பட்டதாரியோ தொழில்முறைத் தேர்வுகளைத் தனியே எழுதித்தான் அங்கு வந்துசேர முடியும். முதலீட்டுப் பகுப்பாய்வுக்குரிய சி.எஃப்.ஏ. தேர்வின் மூன்று நிலைகளையும் எழுதுவதற்கு, பட்டம் இந்தத் துறையில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆகவே உங்கள் ஆர்வம் வீணாகாது. கணக்கியலிலிருந்து நிதித்துறைக்குப் போகும் வழி திறந்தே இருக்கும்.

நேரே ஏ.சி.சி.ஏ. எழுதுவதும் மதிப்புள்ள வழிதான். ஆனால் 13 தாள்களும் 36 மாதப் பணி அனுபவமும் வேண்டும்; தேர்வுக் கட்டணத்தைப் பிரிட்டிஷ் பவுனில் கட்ட வேண்டும், தவறிய தாளுக்கு மறுபடியும் கட்ட வேண்டும். தம்பிகள் படித்துக்கொண்டிருக்கும் வீட்டில் இந்தச் சுமையை இப்போதே ஏற்ற வேண்டாம். கணக்கியல் பட்டத்துக்குப் பிறகு சென்றால் பல தாள்களுக்கு விலக்குக் கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். நிதி அறிக்கையில் செம்பனை மரத்தை நிலையான சொத்தாகவும், அதில் முற்றிவரும் குலைகளைத் தனியே நியாய மதிப்பிலும் காட்ட வேண்டும் என்பது எம்.எஃப்.ஆர்.எஸ். 141, 116 ஆகிய மலேசிய நிதி அறிக்கைத் தரநிலைகளின் விதி. பழுத்த குலை எது, காய் எது என்று சிறுவயதிலிருந்தே பார்த்தறிந்த ஒருவர் தோட்ட நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்ய வருவதை நான் பெரிதும் விரும்புவேன்.

வங்கி ஊழியர், தைப்பிங்:
நான் நிதித்துறையில் பட்டம் பெற்றவன். மேலே சொன்னதை ஏற்கிறேன். சம்பளம் அதிகம் என்று பேசப்படும் முதலீட்டு வேலைகள் பெரும்பாலும் கோலாலம்பூரில்தான் இருக்கின்றன, போட்டியும் கடுமை. எங்களைப் போன்ற கிளைகளில் சேர்பவர் கடன், காப்புறுதி விற்பனை இலக்குகளோடுதான் தொடங்குகிறார். கடன் மதிப்பீட்டுப் பிரிவுக்கு மாற வேண்டுமானால் நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பைப் பிழையறப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அதில் கணக்கியல் படித்தவரின் கை ஓங்கியிருப்பதை நாள்தோறும் காண்கிறேன்.

சுங்கை சிப்புட் மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. கணக்கியலை முதலிலும் நிதித்துறையை அடுத்தும் வைக்கிறேன். பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடனை நினைத்துத்தான் அம்மா தயங்குகிறார்.

ஈப்போ தணிக்கையாளர்:
முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் பட்டம் கணக்காளர் கழகத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்று விண்ணப்பத்தை அனுப்புமுன் சரிபாருங்கள். பெயரில் கணக்கியல் என்று இருப்பவை எல்லாம் அதில் இடம்பெறுவதில்லை.