நீல் யங்: முதலிடம் பிடித்தது ஒரே பாடல், செல்வாக்கு மட்டும் குறையவில்லையே, ஏன்?

கேள்வி: சுங்கை சிப்புட் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து மாதந்தோறும் பாட்டுக் கூடல் நடத்தி வருகிறோம். அடுத்த கூடலில் கனடாவில் பிறந்த ராக் பாடலாசிரியர் நீல் யங்கைப் பற்றிப் பேசும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ தவிர அவருடைய வேறு பாடல் எதையும் இங்கே பெரும்பாலோர் கேட்டதில்லை. அமெரிக்கத் தனிப்பாடல் வரிசையில் அவருக்கு முதலிடம் கிடைத்ததும் 1972இல் அந்த ஒரு பாடலுக்குத்தான். அப்படியிருக்க, பின்வந்த தலைமுறையினர் அவரை ஆசானாகக் கொண்டாடுவது ஏன்? ராக் என்றாலே சர்ச், விங்ஸ் குழுக்களின் மலாய்ப் பாடல்களை நினைக்கும் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

பதில்: ஈப்போ கித்தார் ஆசிரியர்

தம்பி, அந்த வெற்றிக்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதிலிருந்து தொடங்குங்கள். அப்பாடல் இடம்பெற்ற ‘ஹார்வெஸ்ட்’ தொகுப்பு 1972இல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்றது. அதே பாணியில் இன்னும் நாலைந்து தொகுப்புகளை வெளியிட்டுக்கொண்டு அவர் சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பாடல் தம்மை நடுச்சாலையில் கொண்டுவந்து நிறுத்தியதாகவும், அங்கே பயணம் சலித்துவிட்டதால் ஓரத்துப் பள்ளத்தை நோக்கித் திரும்பியதாகவும் அவரே பின்னாளில் எழுதினார்.

அவருடைய கிரேஸி ஹார்ஸ் குழுவின் கித்தார் கலைஞர் டேனி விட்டன் 1972இலும், மேடைப் பணியாளர் புரூஸ் பெர்ரி அடுத்த ஆண்டிலும் போதைப்பழக்கத்தால் மாண்டார்கள். அந்தத் துயரத்தில் 1973இல் பதிவான ‘டுநைட்ஸ் தி நைட்’ தொகுப்பில் குரல் பிசகுகிறது, சுருதி நழுவுகிறது, எதையும் அவர் திருத்தவில்லை. 1975இல்தான் அது வெளிவந்தது. பிழையில்லாத பதிவைவிட உண்மையான பதிவே மேல் என்று அவருக்குப் பின்வந்தவர்கள் கற்றுக்கொண்டது இத்தகைய தொகுப்புகளில்தான் என்பது என் கருத்து.

‘ஒஹாயோ’ பாடலையும் விட்டுவிடாதீர்கள். 1970 மே 4 அன்று ஒஹாயோ மாநிலத்துக் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், வியட்நாம் போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது தேசியக் காவற்படை சுட்டதில் நான்கு மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதைப் பற்றி அம்மாதமே நீல் யங் எழுதிய அப்பாடலைத் தம் குழுத் தோழர்களான கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் ஆகியோரோடு சேர்ந்து பதிவு செய்தார்.

பதில்: தைப்பிங் வாசகி

ஐயா சொன்னதை ஏற்கிறேன்; ஆயினும் அவர் திசைமாறிய ஒவ்வொரு முறையும் நல்ல பாடல்கள் பிறந்தன என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. 1980களின் தொகுப்புகளில் பலவற்றை என்னால் இன்றும் முழுதாகக் கேட்க முடிவதில்லை. அவருடைய பாணிக்கே பொருந்தாத இசையைத் தருகிறார் என்று கூறி அவருடைய தொகுப்புகளை வெளியிட்டுவந்த கெஃபன் நிறுவனம் 1983இல் அவர்மீது வழக்குத் தொடுத்தது (ஒரு பாடகர் தம்மைப்போல் பாடவில்லை என்பதற்காக வழக்கு!). எனினும், குரலை இயந்திரக் குரலாக மாற்றிப் பாடிய ‘டிரான்ஸ்’ தொகுப்பை நான் அந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். மூளை முடக்குவாதத்தால் பேச இயலாத தம் மகனோடு தொடர்புகொள்ளும் முயற்சியே அது என்று அறிந்த பிறகு, அதை வேடிக்கையாகக் கேட்க மனம் வரவில்லை.

அவருடைய செல்வாக்கு வெளிப்படையாகத் தெரிவது 1990களில்தான். 1991 சுற்றுப்பயணத்தில் இளைய குழுவான சோனிக் யூத்தைத் தமக்கு முன்னால் வாசிக்க வைத்தார். 1995இல் இன்னொரு இளைய குழுவான பெர்ல் ஜாமோடு சேர்ந்து ‘மிரர் பால்’ தொகுப்பை வெளியிட்டார். அவர் வயதை ஒத்த பாடகர்கள் பலர் பழைய வெற்றிப் பாடல்களையே பாடிப் பிழைத்துக்கொண்டிருந்த காலம் அது.

பதில்: கோலகங்சார் வாசகர்

நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகளிடம் ‘ஃபார்ம் எய்ட்’ பற்றியும் சொல்லுங்கள். கடனில் மூழ்கிய அமெரிக்கக் குடும்ப விவசாயிகளுக்காக வில்லி நெல்சன், ஜான் மெலன்கேம்ப் ஆகியோரோடு இணைந்து 1985இல் அவர் தொடங்கிய நிதிக் கச்சேரி அது. அவர்கள் சொந்த நிலத்தை இழந்தவர்கள். நம் முன்னோர் ரப்பர் பால் வெட்டிய தோட்ட நிலமோ ஒருநாளும் அவர்களுடையதாக இருந்ததில்லை. இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொன்னால் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்.

பேச்சைக் குறைத்துக்கொண்டு கித்தாரைக் கையில் கொடுப்பது இன்னும் நல்லது. 1969இல் வந்த ‘சின்னமன் கேர்ள்’ பாடலின் தனி வாசிப்பில் ஏறக்குறைய ஒரே சுரம்தான் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. கித்தார் பழகத் தொடங்கிய பிள்ளைகூட அதை அன்றே வாசித்துவிடலாம். அவரைப்போல ஒலிக்க வைப்பதற்குத்தான் நாளாகும்.