புதுப்பிப்பு: ஸ்டியரிங் சத்தம், வாரண்டி கிடைச்சுருச்சுங்க

போன மாசம் எழுதியிருந்தேனுங்க, 14 மாச வண்டி, 9,200 கிமீ தான் ஓடியிருக்கு, ஸ்டியரிங் திருப்புனா டக் டக்னு சத்தம், சர்வீஸ் சென்டர்ல சர்வீஸ் விட்டுப்போச்சு, வாரண்டி வராதுன்னுட்டாங்கன்னு. இப்ப ஸ்டியரிங் ரேக்கை (ஸ்டியரிங் திருப்புனா சக்கரத்தைத் திருப்பற பாகம்) ஃப்ரீயாவே மாத்திக் குடுத்துட்டாங்க.

நடந்தது என்னன்னா, 10,000 கிமீ இல்லன்னா ஒரு வருஷம், எது முந்தி வருதோ அதுக்குள்ள சர்வீஸ் விடோணும். நான் வருஷம் முடிஞ்சு 12 நாள் கழிச்சு பல்லடத்துல விட்டேன், அது இந்த சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டர்ல ஏறவே இல்லீங்க. சர்வீஸ் புக்குல பாத்தா சீல் மட்டும் இருக்குது, தேதி, கிமீ ரெண்டும் காலி. நல்லவேளை அம்மணி ஜாப் கார்டையும் (சர்வீஸ்ல என்னென்ன செஞ்சாங்கன்னு எழுதிக் குடுக்கற சீட்டு) பில்லையும் பீரோவுல பத்திரமா வெச்சிருந்துச்சு, அதுல ஆயில் கிரேடு, ஃபில்டர் பார்ட் நம்பர், கிமீ எல்லாம் தெளிவா இருந்துச்சு, வாரண்டி புக்குல ஒரு மாசம் முன்னபின்ன ஆகலாம்னு போட்டிருக்கறதையும் காட்டுனேன், மேனேஜர் பாத்துப்போட்டு உடனே கம்பெனிக்கு மெயில் அனுப்பிட்டாரு.

அப்பறம் வெளிக்கடைல ரிவர்ஸ் கேமரா மாட்டலாமான்னு ஒரு அண்ணா கேட்டிருந்தீங்க. மாட்டுங்க, ஆனா வண்டியோட ஒயரை வெட்டி ஒட்ட உடாதீங்க, கப்ளர்ல (ஒயர் முனைல இருக்கற பிளக்) சொருகற மாதிரி வாங்கிக்கங்க. சர்வீஸ் சென்டர்ல எங்க வண்டிக்குப் பக்கத்துல நின்ன வண்டிக்கு ஒயர் வெட்டுனதைக் காட்டித்தான் எலக்ட்ரிக்கல் கிளெய்மே இல்லன்னுட்டாங்க, பாவம் அவரு காங்கேயத்துலிருந்து வந்திருந்தாருங்க.