108 எந்த ஊர்ப் பெரும்பான்மை?

வாவிக்கரை: “ஒன்லைன் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றப் பெரும்பான்மை தந்த சட்டம், ஒழுங்காகக் கதைக்கிறவனுக்கு என்ன பயம்” என்று காரைதீவார் நேற்று எழுதியதை வாசித்ததில் இருந்து தேத்தண்ணி இறங்கவில்லை. இணையத்தில் பொய்யான கூற்றுப் போட்டால் தண்டிக்கிற அந்தச் சட்டத்துக்கு 2024 ஜனவரி 24 அன்று இலங்கைப் பாராளுமன்றத்தில் விழுந்தது 108 வாக்கு. சபையில் 225 பேர். பாதி தாண்ட 113 வேண்டும். எந்த ஊர்க் கணக்கு இது?

காரைதீவான்: எதிர்த்தது 62. 108 பெரிதா, 62 பெரிதா? சாதாரண சட்டத்துக்கு வந்து வாக்களித்தவர்களில் அதிகம் இருந்தால் போதும் அண்ணே. வராதவர்களை வீட்டில் போய்க் கேளுங்கள்.

வாவிக்கரை: 108 தேங்காய் மாமாங்கப் பிள்ளையார் கோயிலில் உடைத்தால் நேர்த்தி தீரும். சட்டம் ஆகாது. எது பொய் என்று ஐந்து பேர் ஆணைக்குழு சொல்லுமாம், ஐவரையும் நியமிப்பது ஜனாதிபதியாம்.

காரைதீவான்: அரசியலமைப்புப் பேரவை ஒப்புதலோடு. அதை மட்டும் வசதியாக விழுங்கிவிட்டீர்கள்.

படுவான்கரைப் பொடியன்: அந்தச் சட்டத்தில் “பொய்யான கூற்று” என்றால் என்ன என்று இரண்டு பேரில் யாராவது வாசித்தீர்களா?

வாவிக்கரை: சட்டம் படிப்பிக்கிறவர்களின் ஒழுங்கையும் சொல்லவா? கல்லடியில் எங்கள் படலைக்குச் சித்திரைக்குத்தான் நீலப் பெயின்ற் அடித்தேன். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முதல் நாள், பிரசாரமே செய்யக்கூடாத அமைதிக் காலம், விடிய எழும்பிப் பார்த்தால் நாலு ஸ்டிக்கர். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். பெயின்றும் சேர்ந்து உரிந்து வந்தது. வேட்பாளரின் வலது காது மட்டும் இன்னும் படலையில் இருக்கிறது. அன்றைக்கு ஸ்டிக்கர் ஒட்ட வந்த வான் வண்டியில் யார் இருந்தது காரைதீவாரே?

காரைதீவான்: நான் இல்லை. இருந்தாலும் அந்தக் காதுக்கும் 108க்கும் என்ன சம்பந்தம்?

வாவிக்கரை: என் படலைக்கே என்னைக் கேட்காதவன் என் வாய்க்கா கேட்பான்? அதுதான் சம்பந்தம். 2024 பொதுத் தேர்தலில் 22 தேர்தல் மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி அலைக்கு அசையாமல் நின்றது மட்டக்களப்பு ஒன்றுதான். அம்பாறைக்காரர் நீங்கள் அவர்களுக்கு நாலு ஆசனத்தைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தீர்கள்.

காரைதீவான்: அம்பாறை என்றால் காரைதீவு மட்டுமா? தேர்தல் வந்தால் பெயரே திகாமடுல்ல என்று மாறுகிற மாவட்டத்தில் தமிழரசுக் கட்சி ஒரு ஆசனம் எடுத்ததே பெரிய காரியம். கல்லடிப் பாலத்தடியில் காற்று வாங்குகிறவர்களுக்கு அது விளங்காது.

வாவிக்கரை: விளங்கும் மனே, நல்லா விளங்கும். 1979இல் மூன்று வருடத்துக்கு என்று வந்தது பயங்கரவாதத் தடைச் சட்டம். 1982இல் நிரந்தரமாக்கினார்கள். 2021 மே 18 போரில் செத்தவர்களை நினைக்கக் கிரான் கடற்கரைக்குப் போன பத்துப் பேரை அதே சட்டத்தில்தான் அள்ளினார்கள். கடலைப் பார்த்து அழுவதற்கும் அனுமதி. இப்போதைய ஆட்சிக்காரரும் அதை நீக்குவோம் என்றுதான் வாக்குக் கேட்டார்கள். அந்தச் சட்டத்துக்கும் சபையில் பெரும்பான்மை இருந்தது. அதனால் சரியாகிவிட்டதா?

காரைதீவான்: அப்போ பெரும்பான்மை இருந்தாலும் பிழை என்கிறீர்கள். மறுகா ஏன் காலையில் இருந்து 108, 108 என்று தொங்குகிறீர்கள்? இந்தச் சட்டத்தை நிறைவேற்றிய விதம் பிழை என்று சபாநாயகர் மீது கொண்டுவந்த நம்பிக்கையில்லாப் பிரேரணையும் 75க்கு 117 என்று தோற்றதே, அந்த 117 பிடிக்குமா?

வாவிக்கரை: கதையை மாற்ற வேண்டாம். 108, 113ஐ விடச் சிறியதா இல்லையா? ஒரு சொல்லில் பதில்.

படுவான்கரைப் பொடியன்: என் கேள்வி அப்படியே கிடக்கிறது.

காரைதீவான்: தம்பி, பெரியவர்கள் கதைக்கும்போது கொஞ்சம் பொறுங்கள். அண்ணே, மண்ணெண்ணெய்க்கு அது போகாது, தின்னர் போடுங்கள்.

வாவிக்கரை: ஸ்டிக்கரை எப்படிக் கழற்றுவது என்று இவ்வளவு தெரிகிறது, வானில் இல்லையாம். 113.