ஒரு பானை, ஐந்து நாக்கு

ஒன்றரை வயதுக் குழந்தை, எட்டு வயதுப் பிள்ளை, பதின்ம வயதில் ஒருவர், நடுவயதில் ஒருவர், பல்செட் போட்ட பாட்டி. ஐவருக்கும் ஐந்து விதமாகச் சமைத்தால் சமைப்பவர் ஒரே வாரத்தில் ஓய்ந்துபோவார். ஒரே ருசியில் எல்லோருக்கும் பரிமாறினால் பாதிச் சாப்பாடு தட்டிலேயே கிடக்கும். பானையில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் உப்பு, புளிப்பு, காரம் மூன்றையும் பிந்திப் பிந்திச் சேர்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் பங்கை எடுத்து வைப்பதுதான் வழி.

மைசூர்ப் பருப்பு 200 கிராம், தண்ணீர் 1 லிட்டர், கேரட் இரண்டு, உருளைக்கிழங்கு இரண்டு, வெங்காயம் ஒன்று. காய்களைச் சிறு சதுரமாக நறுக்கி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, மிதமான தீயில் 20 முதல் 25 நிமிடம். கேரட் துண்டு இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். உப்பில்லாத இந்த நிலையிலேயே குழந்தையின் பங்கை எடுத்து, கரண்டியால் மசித்து, ஒரு டீஸ்பூன் வெண்ணெய் சேர்த்துவிடுங்கள். பிறகு பானைக்கு ஒரு மட்ட டீஸ்பூன் உப்பு. அது சுமார் 6 கிராம். நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒன்றரை கிராம். பெரியவர்களுக்கே நாள் முழுதும் சேர்த்து 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு நிமிடம் கொதித்ததும் எட்டு வயதுப் பிள்ளையின் பங்கு.

அதன் பிறகே தக்காளியோ எலுமிச்சையோ. பலர் தவறுவது இங்கேதான். தக்காளியைத் தொடக்கத்திலேயே போட்டால் புளிப்பு பருப்பையும் காயையும் மென்மையாக விடாது. அரை மணி நேரம் கொதித்தாலும் பருப்பு சரியாகக் குழையாமல் போகலாம். பாட்டி தட்டைத் தள்ளிவைப்பார்.

காரம் பானைக்குள் போகவே வேண்டாம். மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெயைச் சூடாக்கி, நான்கு பல் பூண்டைத் தட்டிப்போட்டு, பொன்னிறமானதும் அடுப்பை அணையுங்கள். முழுதாக ஒரு நிமிடம் பொறுத்து, ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள். காத்திருக்காமல் போட்டால் தூள் சில நொடிகளில் கருகிக் கசக்கும். இந்த எண்ணெய் தனிக் கிண்ணத்தில் மேசைக்குப் போகட்டும். வேண்டியவர் வேண்டிய அளவு விட்டுக்கொள்வார்.

* * *

காரம் ஏற்கெனவே பானையில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கேள்வி வரும். தண்ணீர் ஊற்றுவது பெரிதாக உதவாது. மிளகாயின் காரப்பொருள் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். தண்ணீர் சேர்த்தால் குழம்பு நீர்த்துப்போகும், எரிச்சல் அவ்வளவாகக் குறையாது. தயிர், தேங்காய்ப்பால், வெண்ணெய் இவற்றில் ஒன்று வேலை செய்யும். அதைவிட நல்லது, உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்த பருப்பு ஒரு கப் எப்போதும் ஒதுக்கி வைத்திருப்பது. உப்பு கூடிப்போனாலும் அதுதான் கைகொடுக்கும். உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்பார்கள். அது உப்புத் தண்ணீரைத்தான் உறிஞ்சுகிறது. மிச்சக் குழம்பின் உப்பு குறைவதில்லை.

* * *

காய்கறி விஷயத்தில் பிள்ளைகளின் புகார் பாதி ருசியைப் பற்றியதே அல்ல. கொழகொழவென்று இருப்பதும் கந்தக வாடையும்தான் காரணம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இரண்டையும் எவ்வளவு நேரம் தண்ணீரில் கொதிக்க விடுகிறோமோ அவ்வளவு அந்த வாடை ஏறும். 500 கிராம் காலிஃபிளவரைக் கழுவி, துணியில் ஈரம் போகத் துடைத்து, ஒன்றரை டேபிள்ஸ்பூன் எண்ணெயில் புரட்டி, 220 டிகிரி செல்சியஸ் ஓவனில் 20 முதல் 25 நிமிடம் வைத்துப் பாருங்கள். பாதி நேரத்தில் ஒரு முறை திருப்ப வேண்டும். துண்டுக்குத் துண்டு இடைவெளி முக்கியம். நெருக்கி அடுக்கினால் வெளியேறும் நீராவியிலேயே வெந்து தொளதொளத்துவிடும். சரியாக வந்த துண்டின் ஓரம் பழுப்பேறி, பூ நுனிகள் மொறுமொறுவென்று உதிரும், தண்டு மட்டும் மெத்தென்று இருக்கும். ஓவன் இல்லையென்றால் அடிகனமான சட்டியில் ஒரு தடவைக்கு 250 கிராம், மூடி போடாமல். உப்பு கடைசியில்தான், முன்னால் போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

“கசக்குது” என்று பிள்ளை சொன்னால் அடம் என்று நினைக்க வேண்டாம். கசப்பை உணர்வதில் மனிதருக்கு மனிதர் மரபணுவிலேயே வித்தியாசம் உண்டு. டிஏஎஸ்2ஆர்38 என்ற மரபணு அதில் ஒன்று. சிறுவயதில் அந்த உணர்வு இன்னும் கூர்மை. ஒரு சிட்டிகை உப்பு கசப்பை அடக்கும், சர்க்கரை தேவையில்லை.

காயை அரைத்துச் சாஸில் ஒளித்துவைப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. வயிற்றுக்குள் போகும், உண்மைதான். ஆனால் அந்தக் காயைப் பிள்ளை அறிந்துகொள்வதில்லை. கண்டுபிடித்துவிட்டால் அதுவரை விரும்பிச் சாப்பிட்டதையும் சந்தேகத்தோடு கிளறத் தொடங்கும்.

* * *

வயதானவர்களைப் பற்றிக் கொஞ்சம். உமிழ்நீரும் குறைந்து பல்செட்டும் இருந்தால் காய்ந்த கோழி நெஞ்சுக்கறி தொண்டையில் நிற்கும். தொடைக்கறி வாங்குங்கள். எந்தக் கறியானாலும் உள்ளே 74 டிகிரி எட்டினால் பாதுகாப்பு. நெஞ்சுக்கறி அதைத் தாண்டினால் வறண்டுவிடும், தொடைக்கறியோ 80, 85 வரை போனால்தான் இணைப்புத் திசு கரைந்து மெத்தென்றாகும். நாருக்குக் குறுக்காக வெட்டிப் பரிமாறுங்கள். சோறு எல்லோருக்கும் ஒன்றுக்கு இரண்டு தண்ணீரில் வெந்தால் போதும். பாட்டியின் பங்கு ஒரு கப்பில் அரை கப் வெந்நீர் விட்டு, மூடி, சிறுதீயில் ஐந்து நிமிடம்.

உப்பு போதவில்லை என்று அவர் கேட்பதற்குப் பெரும்பாலும் மூக்கு மங்கியதுதான் காரணம். எலுமிச்சைச் சாறு, அப்போதே பொடித்த மிளகு, நறுக்கிய கொத்தமல்லி, இவை அந்த இடத்தை நிரப்பும். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கோ ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கோ மருத்துவரைக் கேட்காமல் தரவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவருக்குக் கீரையின் அளவு வாரத்துக்கு வாரம் மாறக் கூடாது.

குழந்தைக்கு: ஒரு வயது முடியும்வரை தேன் கிடையாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டணும். முழுக் கொட்டைகள் ஐந்து வயதுவரை வேண்டாம்.

* * *

மேசையில் நடப்பதும் சமையலில் சேர்த்திதான். எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் வகுத்த பொறுப்புப் பிரிவினை இங்கே உதவும்: என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. புதுப் பண்டம் ஒரு டீஸ்பூன் மட்டும், பழகிய இரண்டு பண்டங்களுக்குப் பக்கத்தில். எட்டு முதல் பதினைந்து தடவை கண்ணில் படவேண்டியிருக்கும். பல வீடுகளில் சில தடவைகளோடு கைவிட்டுவிடுகிறார்கள். “இதைச் சாப்பிட்டால் இனிப்பு” என்ற பேரம் காயைத் தண்டனையாக்கிவிடும். சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் பிஸ்கட், ஜூஸ், பால் எதுவும் வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டினால் பிடிக்காத பிள்ளைக்கு அறைகள் உள்ள தட்டு. பதின்ம வயதுக்காரருக்குக் கிண்ணங்களை வரிசையாக வைத்துத் தானே பரிமாறிக்கொள்ள விட்டால் போதும்.

ஏற்றுக்கொள்ளும் பண்டங்கள் மாதத்துக்கு மாதம் குறைந்தாலோ, எடை இறங்கினாலோ, விழுங்கும்போது அடிக்கடி ஓங்கரித்தாலோ அது பிடிவாதமில்லை. மருத்துவரிடம் காட்டுங்கள்.

* * *

முதலில் சொன்ன மிளகாய் எண்ணெயில் ஒரு எச்சரிக்கை விடுபட்டிருக்கிறது. பூண்டு போட்ட எண்ணெயை வெளியே வைக்காதீர்கள். காற்றுப்படாத எண்ணெய்க்குள் பூண்டிலிருந்து கொடிய நச்சை உண்டாக்கும் பொட்டுலிசம் கிருமி வளரக்கூடும். நிறத்திலோ வாடையிலோ தெரியாது. உடனே ஃபிரிட்ஜ், நான்கு நாளுக்குள் தீர்க்கவேண்டும். பூண்டே போடாமல் செய்தால் இந்தக் கவலை இல்லை. மிஞ்சிய சோறும் அப்படித்தான்: அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடணும். வெளியே கிடந்த சோற்றில் உருவாகும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.