ஐம்பதைத் தாண்டியதும் எழுந்த ஊளைச் சத்தம்

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் எங்கள் பிக்கப் வண்டியில், வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டியதும் பின்பக்கத்திலிருந்து ஊளை போன்ற சத்தம் எழத் தொடங்கியது. முதலில் காட்டிய பட்டறையில், கிரவுன் பினியன் (எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பற்சக்கர ஜோடி) போய்விட்டது, அதை மூடியிருக்கும் ஹவுசிங் என்ற இரும்புக் கூட்டைப் பிரிக்க வேண்டும் என்று வண்டியை ஓட்டிப் பார்க்காமலேயே சொல்லிவிட்டார்கள். அந்தச் செலவுக்கு அஞ்சி வேறொரு மெக்கானிக்கிடம் சென்றேன்.

அவர் என்னை ஓட்டச் சொல்லிவிட்டு அருகில் அமர்ந்துகொண்டு, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் சத்தம் மாறுகிறதா என்று கவனித்தார். கிரவுன் பினியன் பற்கள் தேய்ந்திருந்தால் இழுவை மாறும்போது ஊளையின் குரலும் பெரும்பாலும் மாறும் என்றார். எங்கள் வண்டியில் அது வேகத்தோடு மட்டுமே ஏறி இறங்கியது. பிறகு வெறிச்சோடிய அகலமான சாலையில் வண்டியை மெல்ல இருபுறமும் வளைக்கச் சொன்னார். வலப்பக்கம் வளைத்தபோது பாரம் இடப்பக்கச் சக்கரங்களின்மேல் சாய்ந்து ஊளை கூடியது; இடப்பக்கம் வளைத்தபோது ஏறக்குறைய அடங்கிவிட்டது. கழற்றிப் பார்த்ததில் இடப்பக்கப் பின்சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் பேரிங்கில் சிறு குழிகள் விழுந்திருந்தன. ஆயில் வெளியேறாமல் தடுக்கும் சீலும் கசிந்து, பிரேக் லைனர் (பிரேக்கின் உராய்வுப் பட்டை) நனைந்திருந்ததால் அவற்றையும் மாற்றினோம். ஹவுசிங்கைப் பிரிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

மேலே எழுதிய அண்ணனுக்கு வணக்கம்; நான் வேறொரு வண்டிக்காரன். என் வண்டியில் ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போதெல்லாம் அடியில் 'டங்' என்று ஓர் அடி கேட்டது. குனிந்து பார்த்தால், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொபெல்லர் ஷாஃப்டில், கிராஸ் எனப்படும் சிலுவை வடிவ இணைப்பின் மூடிகளைச் சுற்றிச் செந்நிறத் துருத்தூள் படிந்திருந்தது. கிரீஸ் வறண்டு உள்ளிருக்கும் ஊசி பேரிங்குகள் அரைபட்டிருந்தன. கிராஸை மாற்றியதும் அடி நின்றது, ஆனால் 40 கிலோமீட்டர் வேகத்திலேயே வண்டி முழுவதும் அதிரத் தொடங்கியது. சக்கரத்தில் கோளாறோ என்று நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷாஃப்ட் சக்கரத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சுழல்வதால் அதன் அதிர்வு விட்டுவிட்டு ஆட்டாமல் நெருக்கமாக ரீங்கரிக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கழற்றும் முன் குறியிடாததால் ஸ்லிப் ஜாயின்ட் (ஷாஃப்ட் நீளவும் குறுகவும் விடும் பல் வைத்த இணைப்பு) பல் தவறி மாட்டப்பட்டு, கிராஸைப் பிடித்திருக்கும் இரு முனைக் கவைகளும் ஒரே நேரில் இல்லாமல் போயிருந்தன. மறுபடி கழற்றி, கவைகளை நேராக்கி மாட்டியபின் அதிர்வு நின்றது. ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பரையும் அப்போதே பார்த்தோம். அதில் குறை ஏதுமில்லை.