ஃபயர் டெஸ்ட் பட்டன் ஓகே காட்டினாலும் பாட்டில், ஸ்க்விப், லூப் எல்லாவற்றையும் ஏன் பார்க்க வேண்டும்?

ரோட்டார்விசிறி கேட்டது:

வணக்கம். பி1.3 (டர்பைன் ஹெலிகாப்டர் பராமரிப்பு) லைசென்ஸுக்குப் படித்துக்கொண்டே ஹேங்கரில் உதவியாளனாக இருக்கிறேன். இரட்டை இன்ஜின் ஹெலிகாப்டர், பெல் 412 போல மெயின், ரிசர்வ் என்று இரண்டு ஃபயர் பாட்டில், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்க்விப் (பாட்டிலை வெடித்துத் திறக்கும் சிறு கார்ட்ரிட்ஜ்). ஏ.டி.ஏ. 26 (தீப் பாதுகாப்பு அத்தியாயம்) டாஸ்க் கார்டுகளோடு, ஸ்க்விப் கனெக்டர் மாறி இணைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் கட்டாய ஆய்வு உத்தரவு (ஏ.டி.) ஒன்றும் வந்திருக்கிறது. சந்தேகங்கள்:

1. காக்பிட்டில் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் இரண்டு ஃபயர் விளக்கும் எரிகின்றன. அப்புறமும் கனெக்டரைக் கழற்றித் தனியாகச் சோதிப்பது எதற்கு?
2. பாட்டில் லேபிளில் 600 பி.எஸ்.ஐ. என்று இருக்கிறது. கேஜும் சரியாக 600-இல் நிற்கிறது. ஹேங்கரில் வெப்பம் 39 டிகிரி. இது பாஸ்தானே?
3. ஒரு ஸ்க்விப்பின் ஆயுள் முடியப்போகிறது. கழற்றி வைத்த இன்னொரு பாட்டிலில் ஆயுள் மிச்சமுள்ள ஸ்க்விப் இருக்கிறது. அதை மாற்றிப் போடலாமா?
4. ஏ.டி. கெடு தேதியை நாலைந்து நாள் தள்ள முடியுமா?

---

மின்கம்பி எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதை மெக்கானிக்கல் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்.

டெஸ்ட் பட்டன் சோதிப்பது டிடெக்ஷன் பக்கத்தை. அதிலும் பாதியைத்தான். வெப்ப ஸ்விட்ச் வகையில் வயர் அறுபடவில்லை, விளக்கு எரிகிறது என்பது தெரியும்; தீ வந்தால் அந்த ஸ்விட்ச் மூடுமா என்பது தெரியாது. அணைக்கும் பக்கத்தைப் பற்றி அந்தப் பட்டன் எதுவுமே சொல்லாது. சில வகைகளில் ஸ்க்விப் டெஸ்ட் விளக்கு தனியாக உண்டு. அதுவும் ஸ்க்விப்புக்குள் இருக்கும் பிரிட்ஜ் வயர் அறுபடவில்லை என்று மட்டும்தான் சொல்லும். அந்த ஸ்க்விப் எந்த இன்ஜின் குழாயில் உட்கார்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மாற்றி இணைத்திருந்தாலும் விளக்கு பச்சையாகத்தான் எரியும். கட்டாய ஆய்வு தேடுவது இந்த ஓட்டையைத்தான்.

செய்முறை, உங்கள் மேனுவலே முதன்மை என்ற நிபந்தனையோடு:

பேட்டரியைக் கழற்று, எக்ஸ்டர்னல் பவர் வண்டியை விலக்கு, ஃபயர் சர்க்யூட் பிரேக்கர்களை இழுத்துக் கிளிப் போடு. நான்கு ஸ்க்விப் கனெக்டரையும் கழற்றி, ஸ்க்விப் பக்கம் உடனே ஷார்ட்டிங் கேப் மாட்டு. கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு கனெக்டருக்கும் டேக் கட்டிவிடு. பிறகு நான்கு ஹார்னஸ் (வயர் கட்டு) முனையிலும் 28 வோல்ட் சோதனை விளக்கை ஒரே நேரத்தில் மாட்டு. ஒற்றை விளக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்த்தினால், ஒரு கட்டளைக்கு இரண்டு ஸ்க்விப் சேர்ந்து வெடிக்கும் வயரிங் கோளாறு கண்ணில் படாது.

பவர் கொடுத்ததும், எந்த ஸ்விட்சையும் தொடாத நிலையில் நான்கும் அணைந்திருக்க வேண்டும். அதன்பின் நான்கு சேர்க்கை: 1-ஆம் இன்ஜினின் ஃபயர் ஹேண்டில் இழுத்து மெயின், 1-ஆம் ஹேண்டில் ரிசர்வ், 2-ஆம் ஹேண்டில் மெயின், 2-ஆம் ஹேண்டில் ரிசர்வ். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விளக்குதான் எரியணும், அதுவும் சரியான விளக்கு. ஹேண்டில் இழுக்காமல் மெயின், ரிசர்வ் ஸ்விட்சை மட்டும் தட்டினால் ஒன்றும் எரியக்கூடாது. ஹேண்டில் இழுத்திருக்கும்போதே ஃபியூயல் ஷட்-ஆஃப் வால்வின் லிவர் முழுசாக மூடிய நிலைக்கு வந்ததா என்று ஒருவர் வால்வு பக்கத்தில் நின்று நேரில் பார்க்கட்டும். பேனல் விளக்கு போதாது.

விளக்குக்குப் பதிலாக டிஜிட்டல் மீட்டர் வைப்பவர்கள் உண்டு. பச்சை பூத்த கனெக்டர் முள் வழியாகக்கூட மீட்டரில் 28 வோல்ட் அழகாகக் காட்டும். ஸ்க்விப் வெடிக்கத் தேவையான கரண்டை இழுக்கும்போது அந்த வோல்ட் விழுந்துவிடும். லோடு இருந்தால்தான் குட்டு வெளிப்படும்.

---

ஏரோ_ராஜா எழுதியது:

ஸ்க்விப் ரெசிஸ்டன்ஸைச் சாதாரண மல்டிமீட்டரில் ஓம்ஸ் ரேஞ்சில் பார்த்துவிடலாமே. டிஜிட்டல் மீட்டர் ஒன்றிரண்டு மில்லிஆம்பியர்தானே விடும்?

---

மின்கம்பி எழுதியது:

வேண்டாம் ராஜா. நல்ல நிலையில் உள்ள மீட்டர் அவ்வளவுதான் விடும், சரி. ஆனால் உள்ளே கோளாறான மீட்டர் எவ்வளவு விடும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. பழைய ஊசி மீட்டரின் தாழ்ந்த ஓம்ஸ் ரேஞ்ச் இன்னும் தாராளம். உள்ளே பழுதானாலும் கரண்ட் எல்லை தாண்டாதபடி கட்டிய ஸ்க்விப் டெஸ்டர் இதற்கென்றே இருக்கிறது. காலிப்ரேஷன் தேதியையும் பார்த்து அதை எடுங்கள். மெக்கர் (உயர் வோல்ட் விடும் இன்சுலேஷன் மீட்டர்) பற்றிப் பேச்சே வேண்டாம். சோதிக்கும்போது ஸ்க்விப்பின் வாய் யார் பக்கமும் பார்த்திருக்கக் கூடாது, பக்கத்தில் எச்.எஃப். ரேடியோ டிரான்ஸ்மிட் ஆகக்கூடாது, கையில் எர்த் பட்டை இருக்கணும்.

---

பழைய_ஸ்பேனர் எழுதியது:

தம்பி, இரண்டாம் கேள்விக்கு நேர் பதில்: பாஸ் இல்லை. பாட்டிலும் அதே சூட்டில் இருந்தால், அது கசிந்திருக்கலாம்.

லேபிளில் உள்ள 600 பி.எஸ்.ஐ. 70 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 21 டிகிரி செல்சியஸுக்கு. 39 டிகிரியில் நல்ல பாட்டிலின் ஊசி 600-ஐத் தாண்டித் தெளிவாக மேலே நிற்கும். எவ்வளவு மேலே என்பதைப் பாட்டில் பக்கத்தில் ஒட்டிய வெப்பம்–அழுத்தம் அட்டவணையிலோ மேனுவலின் வரைபடத்திலோ பார். சித்திரை வெயிலில் சரியாக 600 காட்டும் பாட்டில்தான் ஆளை ஏமாற்றும். ஊசி பச்சைக்கு வெளியே போயிருந்தால் எவனும் விடமாட்டான். எண் லேபிளோடு ஒத்துப்போவதால் டிக் போட்டுவிடுவார்கள். வெப்பத்தை ஹேங்கர் சுவரில் தொங்கும் தெர்மாமீட்டரில் பார்க்காதே. வெயிலில் நின்று உள்ளே வந்த ஹெலிகாப்டரின் பாட்டில் ஆற நேரம் எடுக்கும். பாட்டில் உடம்பிலேயே தொட்டு அளக்கும் தெர்மாமீட்டரை வை.

அழுத்தம் இருந்தால் எடை எதற்கு என்று அடுத்துக் கேட்பாய். உள்ளே இருப்பது தீயணைக்கும் ஹாலோன் 1301, அதைத் தள்ள நைட்ரஜன். ஹாலோன் கொதிநிலை மைனஸ் 58 டிகிரி செல்சியஸ் அளவு. 21 டிகிரியில் அதன் சொந்த ஆவி அழுத்தமே சுமார் 200 பி.எஸ்.ஐ. நைட்ரஜன் முழுக்க போய்விட்டால் ஊசி அந்த 200 பக்கம் வந்து நிற்கும். தராசில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் நைட்ரஜனின் எடை கொஞ்சம்தான். சார்ஜ் செய்த இடத்தில் ஹாலோனைக் குறைவாக ஏற்றி நைட்ரஜனால் 600-க்குக் கொண்டுவந்திருந்தால் கேஜில் பிடிபடாது, தராசில் பிடிபடும். ஆக இரண்டும் இரண்டு வெவ்வேறு கோளாறைத் தேடும் சோதனை.

எடை போடும்போது வரும் வழக்கமான தவறு: லேபிளில் உள்ள மொத்த எடை கார்ட்ரிட்ஜோடு சேர்த்தா, இல்லாமலா, பிராக்கெட் சேர்த்தா என்று படிக்காமல் ஒப்பிடுவது. கேப், பிராக்கெட் எல்லாம் எடுத்துவிட்டு லேபிள் சொல்லும் நிலையிலேயே போடு. பவுண்டில் உள்ள எண்ணைக் கிலோவாக மாற்றிப் பார்க்காதே, பவுண்டு தராசே எடு. அனுமதிக்கும் குறைவு சின்ன அளவு, மாற்றும்போதே அது கரைந்துவிடும்.

மூன்றாம் கேள்வி. ஸ்க்விப்பை ஒரு டிஸ்சார்ஜ் வால்விலிருந்து (பாட்டில் வாயில் ஸ்க்விப் உட்காரும் வால்வு) இன்னொன்றுக்கு மாற்றிப் போடக் கூடாது. ஆயுள் மிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது இங்கே கணக்கே இல்லை. வால்வின் காண்டாக்ட் முனை எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வேறுபடும். நீண்ட முனையில் உட்கார்ந்து குழிந்த ஸ்க்விப்பைக் குட்டையான முனையில் போட்டால் தொடர்பே கிடைக்காமல் போகலாம். புதுசு வாங்கு.

ஆயுளில் இரண்டு எல்லை உண்டு: தயாரித்த நாளிலிருந்து மொத்த ஆயுள், சீல் பிரித்துப் பொருத்திய நாளிலிருந்து சர்வீஸ் ஆயுள். எது முந்துகிறதோ அதுதான். தேதியை ஸ்க்விப் உடம்பிலேயே படித்து, கூட வந்த சான்றிதழோடு ஒத்துப்பார். ஸ்டோரில் நாலு வருஷம் தூங்கிய புது ஸ்க்விப் பொருத்தும் அன்றே பாதி கிழம்.

பாட்டில் கழற்றியிருக்கும்போதே குழாயையும் பார்த்துவிடு. மின்கம்பி சொன்ன விளக்குச் சோதனை வயரைத்தான் நிரூபிக்கும். குழாய் எந்த இன்ஜினுக்குப் போகிறது என்பதற்குக் குறைந்த அழுத்தத்தில் உலர் நைட்ரஜனை விட்டு, கவ்லிங் (இன்ஜின் மூடி) திறந்த நிலையில் நாசிலில் கை வைத்துப் பார்ப்பதுதான் வழி. இரண்டு பாட்டிலும் ஒரே குழாயில் சேரும் இடத்தில் செக் வால்வு இருக்கும். அம்புக்குறி திரும்பியிருந்தால் ரிசர்வ் பாட்டில் ஹாலோன் இன்ஜினுக்குப் போகாமல் காலியான மெயின் பாட்டிலுக்குள் போகும். நம் ஊரில் இன்னொரு தொல்லை குளவி. நாலு நாள் நின்ற ஹெலிகாப்டரின் திறந்த குழாய் வாய், தெர்மல் ரிலீஃப் (சூட்டில் அழுத்தம் மிகுந்தால் வெளியேற்றும்) வாய் எல்லாம் அதற்கு வீடு கட்டத் தோதான இடம். மண் அடைத்தால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது.

வெளியே அனுப்பும் பாட்டிலில் ஸ்க்விப்பைக் கழற்றிவிட்டு, வாயில் ஆன்டி-ரீகாயில் கேப் (பாட்டில் சீறிப் பாயாமல் தடுக்கும் மூடி) போட்டே அனுப்பு. அபாயச் சரக்கு எண்படி பாட்டில் யு.என். 1044, ஸ்க்விப் யு.என். 0323 வெடிபொருள் வகை 1.4எஸ், இரண்டுக்கும் தனித்தனிப் பொதி, தனித்தனிக் காகிதம். ரீசார்ஜ் செய்து வரும்போது ஹாலோன் தூய்மைச் சான்றிதழ் கேட்டு வாங்கு. இப்போது புழங்குவது மறுசுழற்சிச் சரக்குதான். 2009-இல் ஐரோப்பாவில் கலப்பட ஹாலோன் 1211 விமானக் கை அணைப்பான்களில் நுழைந்து, ஐயாசா (ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை) அவற்றை அகற்றச் சொல்லிக் கட்டாய உத்தரவு போட்டது.

---

கேமோ_மேசை எழுதியது:

நான்காவதுக்கு ஒரு வரி: முடியாது.

கொஞ்சம் விரித்தால்: மெயின்டனன்ஸ் புரோகிராமில் உள்ள சாதாரண டாஸ்க்குக்கு அங்கீகரித்த சலுகை இருக்கலாம். ஏ.டி. கெடுவுக்கும், மேனுவலின் ஏர்வொர்தினஸ் லிமிட்டேஷன் (பறக்கும் தகுதி வரம்பு) பகுதியில் உள்ள ஆயுளுக்கும் அந்தச் சலுகை பொருந்தாது. இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ-வின் விதித்தொகுப்பு சி.ஏ.ஆர். பிரிவு 2, வரிசை எம், பாகம் 1 வழியாக, வடிவமைத்த நாட்டின் ஏ.டி. இங்கேயும் கட்டாயமாகிறது. மாற்று வழி வேண்டுமென்றால் முறைப்படி ஏ.எம்.ஓ.சி. (மாற்று வழிக்கான ஒப்புதல்) வாங்க வேண்டும், நாலு நாளில் அது வராது.

பதிவில் "ஏ.டி. செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். ஏ.டி. எண், ரிவிஷன், எந்தப் பத்தி, எந்த சர்வீஸ் புல்லட்டின் (தயாரிப்பாளர் அறிவிப்பு) ரிவிஷன், தேதி, பறந்த மணி, ஒருமுறையா திரும்பத் திரும்பவா, அடுத்தது எப்போது, எல்லாம் வேண்டும். பெரும்பாலும் தவறவிடுவது ஒன்று: திரும்பச் செய்யும் ஆய்வு பாட்டிலோடு ஒட்டியதா, ஏர்ஃபிரேமோடு ஒட்டியதா? பாட்டிலின் சீரியல் எண்ணோடு ஒட்டியது என்றால், பாட்டில் இன்னொரு ஹெலிகாப்டருக்குப் போகும்போது கணக்கும் கூடப் போகணும். நான்கு விளக்குச் சோதனைக்கு இரண்டாவது ஆளின் தனி ஆய்வும் கையெழுத்தும் வாங்குங்கள், கார்டு கேட்கவில்லை என்றாலும்.

---

ரோட்டார்விசிறி கேட்டது:

எல்லாருக்கும் நன்றி. பாட்டிலைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். இன்னும் இரண்டு: கம்ப்ரஸர் வாஷ் முடிந்து முதல் ஸ்டார்ட்டில் ஃபயர் விளக்கு எரிந்து, பத்து நிமிஷத்தில் தானே அணைந்தது. லூப்பை (இன்ஜினைச் சுற்றி ஓடும் தீ உணரும் கம்பி அல்லது குழாய்) மாற்றணுமா? அப்புறம், எச்125 போன்ற ஒற்றை இன்ஜினில் பாட்டிலே காணோமே, விதி விட்டுவிடுகிறதா?

---

மின்கம்பி எழுதியது:

எந்த வகை லூப் என்று முதலில் பாருங்கள். தெர்மிஸ்டர் அல்லது உப்பு நிரப்பிய மின் வகையில், கனெக்டருக்குள் தண்ணீர் போனால் நடுக் கம்பிக்கும் உறைக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் விழும். கன்ட்ரோல் பெட்டிக்கு அது சூடு போலவே தெரியும். இன்ஜின் சூட்டில் காய்ந்ததும் அணையும். நீங்கள் சொல்லும் அடையாளம் இதுதான். ஆனால் விளக்கு எரிந்த நேரத்தில் அதைத் தீ என்றே எடுத்து, கவ்லிங் திறந்து கசிவு, கருகல், ப்ளீட் ஏர் (இன்ஜினிலிருந்து எடுக்கும் சூடான காற்று) குழாய் வெடிப்பு எல்லாம் பார்த்த பிறகே ஈரம் என்று சொல்லணும். பிறகு கனெக்டர்களைத் திறந்து உலர்த்தி, இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸை மேனுவல் சொல்லும் வோல்ட்டிலேயே அளந்து, சீல் மாற்றுங்கள். கடலோரத்தில் ஓடும் ஹெலிகாப்டர் என்றால் உப்பும் சேர்ந்திருக்கும். உலர்த்தினால் மட்டும் போகாது.

ஹீலியம் நிரப்பிய காற்றழுத்த வகையில் இந்தக் கதை வராது. அங்கே குழாய் ஓட்டையானால் வாயு போய், இன்டெக்ரிட்டி ஸ்விட்ச் திறந்து, ஃபால்ட் காட்டும் அல்லது டெஸ்டில் விளக்கு எரியாது.

எந்த வகையானாலும் கிளாம்ப் இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். ரப்பர் குரோமெட் கெட்டுப்போய் உலோகக் கிளாம்ப் லூப்பைத் தேய்ப்பதுதான் அதிகம் வரும் கோளாறு. குரோமெட்டின் வெட்டு, பக்கத்து வளைவின் வெளிப்புறம் பார்த்து இருக்கணும். நசுங்கிய லூப்பை இடுக்கியால் நிமிர்த்தாதீர்கள், அளவு எல்லைக்கு வெளியே என்றால் மாற்றுவதுதான்.

---

பழைய_ஸ்பேனர் எழுதியது:

ஒற்றை இன்ஜின் கேள்விக்கு: எச்125 சிறிய ஹெலிகாப்டருக்கான சான்றளிப்பு விதியான பகுதி 27 வகை. டர்பைன் இன்ஜின் என்றால் அதில் தீயைக் காட்டும் டிடெக்டர் கட்டாயம். சாதாரண ஒற்றை இன்ஜினுக்கு அணைக்கும் பாட்டில் கட்டாயமில்லை. ஃபியூயலை வெட்டி இறக்குவதுதான் அங்கே வழி. அதனால் அங்கே ஷட்-ஆஃப் லிவர், கேபிள், ஃபயர்வால் மூன்றையும் இரட்டிப்புக் கவனத்தோடு பார். பெரிய ஹெலிகாப்டருக்கான பகுதி 29-இல் 29.1195, பல இன்ஜின் ஹெலிகாப்டரின் இன்ஜின் தீ மண்டலத்துக்கு இரண்டு முறை போதுமான அளவு வீசும் வசதி கேட்கிறது. உன் ஹெலிகாப்டரில் மெயின், ரிசர்வ் இருப்பது அதனால்.

இன்னொன்று, கார்டில் வேறு பக்கத்தில் இருப்பதால் இதோடு சேர்த்துப் பார்க்க மறந்துவிடுவார்கள்: கவ்லிங் சீல். ஹாலோன் 1301 அந்த அறையில் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் கன அளவில் 6 சதவீதம், குறைந்தது அரை நொடி நிற்க வேண்டும் என்பது சான்றளிப்புக் கணக்கு. கிழிந்த சீல், காணாமல் போன ஃபாஸ்டனர், ஃபயர்வாலில் வயர் நுழையும் ஓட்டையில் உதிர்ந்த சீலன்ட், இவை வழியாகக் காற்று புகுந்தால் பாட்டில் நிறைய இருந்தும் அந்த அரை நொடி கிடைக்காது. கவ்லிங்கை மூடிய பிறகு உள்ளே டார்ச் வைத்து வெளியே நின்று பார். வெளிச்சம் கசியும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறி. அதில் டிரெயின், கூலிங் திறப்பு என்று வரைபடத்தில் இருப்பதைக் கழித்துவிட்டு மீதியை அடை.