பழைய எல்என்-7 வயர் ஃபீடரை மில்லர் பவர் சோர்ஸில் இணைப்பது எப்படி? 14 பின் பிளக் பொருந்துகிறது

கேள்வி:
ஃபீடர் (வெல்டிங் கன்னுக்கு வயரைத் தள்ளும் பெட்டி) லிங்கன் எல்என்-7. கேபிள் முனையில் 14 பின் பிளக் போட்டிருக்கிறது. பவர் சோர்ஸ் (வெல்டிங் கரண்ட் தரும் மெஷின்) மில்லர், சிவி வகை, அதாவது வோல்டேஜை மாறாமல் வைப்பது. அதிலும் 14 பின் சாக்கெட்தான். 24 வோல்ட் ஏசி, 115 வோல்ட் ஏசி இரண்டும் வெளியே வருகின்றன. பிளக் கச்சிதமாக உட்காருகிறது. அப்படியே ஆன் செய்யலாமா? 1.2 மி.மீ. சாலிட் வயர், கேஸ் போட்டு ஓட்ட வேண்டும்.

பதில் 1:
ஆன் பண்ணிடாதீங்க. பிளக் ஒண்ணுதான், உள்ளே வயரிங் வேற வேற. லிங்கன் பிளக்கில் கன் ட்ரிக்கருக்கான வயர்கள் 2, 4 இரண்டும் சி, டி பின்களில் வரும். மில்லரில் சி என்பது ரிமோட் கண்ட்ரோலுக்கான +10 வோல்ட், டி அதோட காமன். ட்ரிக்கரை அழுத்தினா அந்த 10 வோல்ட் நேரா ஷார்ட் ஆகும். கண்ட்ரோல் போர்டுக்கு ஆபத்து. ஃபீடருக்கு வேண்டிய 115 வோல்ட்டும் கிடைக்காது. லிங்கன் அதை ஏ, ஜே பின்களில் எதிர்பார்க்குது, மில்லரில் அது ஐ, ஜி.

நடுவில் ஒரு அடாப்டர் கேபிள் செய்யணும். ஃபீடர் பக்கம் டெர்மினல் எண், அடுத்து மில்லர் பின்:
31 – ஐ
32 – ஜி
2 – ஏ
4 – பி
எர்த் – கே

75, 76, 77 வயர்கள் (ஃபீடரிலிருந்து வோல்டேஜ் மாத்துறதுக்கானவை) எதையும் இணைக்க வேண்டாம், ஒவ்வொண்ணையும் தனித்தனியா டேப் சுத்தி விடுங்க. வோல்டேஜை மெஷின் முகப்பிலேயே வைச்சுக்கலாம். ஃபீடரில் வோல்ட்மீட்டர் இருந்தா 21-ஆம் வயர் வேலைப்பொருள் பக்கம் போகணும். மில்லர் சாக்கெட்டில் அதுக்குப் பின் கிடையாது. தனி வயரா இழுத்து, மெஷினில் ஒர்க் கேபிள் (வேலைப்பொருளுக்குப் போறது) மாட்டும் ஸ்டட்டில், அதாவது வெளியீட்டு முனையில், மாட்டுங்க.

பதில் 2:
மேலே உள்ள பட்டியல் சரி. ஆனால் 2, 4-ஐ இணைக்கும் முன் ஒரு சோதனை அவசியம். பழைய ஃபீடர்களில் யாராவது உள்ளே கை வைத்திருக்க வாய்ப்பு அதிகம். 31, 32-க்கு மட்டும் 115 வோல்ட் கொடுத்து, மல்ட்டிமீட்டரை ஏசியில் வைத்து 2-க்கும் 4-க்கும் இடையே பாருங்கள், எர்த்துக்கும் பாருங்கள். ட்ரிக்கர் அழுத்தினாலும் விட்டாலும் வோல்டேஜ் வரக்கூடாது. அதன் பிறகு ஓம்ஸில் வைத்தால் அழுத்தும்போது மூடி, விடும்போது திறக்க வேண்டும்.

வோல்டேஜ் வந்தால் நேரடி இணைப்பு கூடாது. அந்த வோல்டேஜுக்கான காயில் உள்ள ஒரு ரிலேவை ஃபீடர் பக்கம் வைத்து, அதன் காலி காண்டாக்டை (தனக்கென வோல்டேஜ் இல்லாத, சுவிட்ச் போல மூடித் திறப்பது) மட்டும் ஏ, பி-க்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 2, 4-இல் வோல்டேஜ் இல்லை, காண்டாக்ட் சரியாக மூடித் திறக்கிறது. அடாப்டர் போட்டாச்சு. வயர் ஓடுகிறது, கேஸ் வருகிறது, ஆர்க் மட்டும் வரவில்லை.

பதில் 1:
முகப்பில் அவுட்புட் சுவிட்ச் ரிமோட்டில் இருக்கணும், வோல்டேஜ் சுவிட்ச் பேனலில். இரண்டையும் ரிமோட்டில் வைச்சா, 75–77 இணைக்காததால மெஷினுக்கு கட்டளையே போகாது. அவுட்புட்டை எப்பவும் ஆனில் வைச்சு ஓட்டுறது சரியான வழி இல்லை: ட்ரிக்கர் அழுத்தாமலே ரோலர், ஸ்பூல், டிப்பில் நீட்டிக்கிட்டிருக்கும் வயர் எல்லாம் உயிரோட இருக்கும்.

அதுக்கப்புறமும் வரலைன்னா, மெஷினை அணைச்சு அடாப்டரைக் கழட்டி, சாக்கெட்டில் ஏ-வையும் பி-யையும் ஒரு சின்ன வயரால் சேர்த்து, ஆன் பண்ணி ஸ்டட்களுக்கு இடையே டிசி வோல்டேஜ் பாருங்க. வந்தா மெஷின் நல்லாயிருக்கு, குறை 2, 4 வயரில். வராட்டி 24 வோல்ட் பிரேக்கர் விழுந்திருக்கான்னு பாருங்க.

கேள்வி கேட்டவர்:
வோல்டேஜ் சுவிட்ச்தான் ரிமோட்டில் இருந்தது. பேனலுக்கு மாற்றியதும் ஆர்க் வருகிறது. இன்னொரு மெஷினில் 24 வோல்ட் மட்டுமே இருக்கிறது, 115 இல்லை. அதிலும் இதை ஓட்ட முடியுமா?

பதில் 2:
24-இலிருந்து 115-க்கு ஏற்றும் டிரான்ஸ்பார்மர் போடலாம், கணக்கு மட்டும் இடிக்கும். 115 வோல்ட்டில் 2 ஆம்ப் இழுத்தால் 24 வோல்ட் பக்கம் கிட்டத்தட்ட 9.6 ஆம்ப், டிரான்ஸ்பார்மர் இழப்பு அதற்கு மேல். 10 ஆம்ப் பிரேக்கர் என்றால் வயர் இறுகும்போதெல்லாம் விழும். ஃபீடர் நேம்பிளேட்டில் உள்ள ஆம்ப்பை முதலில் பாருங்கள்.

அதைவிட மெயின் லைனிலிருந்து 230-க்கு 115 ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் நல்லது. இரண்டு வைண்டிங்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஆட்டோ டிரான்ஸ்பார்மர் வேண்டாம், அதில் மெயின் லைன் ஃபீடர் கண்ட்ரோலோடு நேரடியாகச் சேர்ந்துவிடும். செகண்டரியில் ஃபியூஸ் போடுங்கள். ட்ரிக்கருக்கு அதே 2, 4, காலி காண்டாக்டாகவே.

பதில் 1:
சாலிட் வயர்னா கன் பக்கம் பாசிட்டிவ். கேஸ் இல்லாத ஃபிளக்ஸ் கோர்டு வயர் பலதுக்கு நெகட்டிவ் கேட்கும், பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மாத்துங்க. மாத்தும்போது 21-ஆம் வயரும் ஒர்க் கேபிளோடவே போகணும்.